பித்தளை நம்பர் 318

"பேரை மட்டும் சொல்லிப்போடுங்க அம்மணி. எனக்கு வேறொண்ணும் வேண்டாம்."

பொன்னுரங்கம் மேசைமேல் ஒரு பித்தளை வில்லையை வைத்தார். அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருந்தது. நடுவில் 318 என்று வெட்டியிருந்தது.

நசீமா அதைத் தொடவில்லை.

பழைய போலீஸ் சாமான் எதைக் கொடுத்தாலும், இது எந்தப் படை, எந்த வருஷம், யார் போட்டது என்று சொல்ல அந்த ஊரில் அவள் ஒருத்திதான். பழைய இரும்புக் கடைக்காரரின் மகள். பொன்னுரங்கம் பதினோரு வருஷமாக அவளிடம் பாடம் கேட்கிறார். குருவுக்கு நாற்பத்தாறு, சீடருக்கு எழுபது. ஞானத்துக்கு வயது இல்லை என்பார்கள். முழங்காலுக்கு உண்டு. மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

அவர் வீட்டில் நானூறு வில்லைகள் இருக்கின்றன. ஊர் அதைப் பொழுதுபோக்கு என்றது. அவர் தேடியது ஒன்றைத்தான்.

ஏழு வயதில், வேலைநிறுத்தம் நடந்த மில் வாசலில், அப்பாவைத் தேடிக் கூட்டத்துக்குள் நுழைந்தார். தடியடி நடந்துகொண்டிருந்தது. அப்பா கீழே கிடந்தார். அடித்தவனின் முகம் தெரியவில்லை. ஏழு வயதின் உயரத்துக்குப் பெல்ட்டும் அதிலிருந்த 318-ம்தான் தெரிந்தன.

அப்பா நாற்பது நாள் படுத்துக் கிடந்தார். பிறகு இல்லை.

நசீமா அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டை எடுத்தாள். எடைக்கு வந்த பழைய காகிதத்தில் அவள் மீட்டது. எந்த நம்பர் எப்போது யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. பொறுமையாகப் பக்கம் புரட்டினாள்.

இந்த நம்பரை நாலு பேர் போட்டிருக்கிறார்கள் என்றாள். ஒருவர் போனால் அதே நம்பர் அடுத்தவருக்குப் போகும். அவருக்கும் தெரிந்த விஷயம்தான். வில்லையைக் கண்டதும் ஆளைக் கண்டுவிட்டதாக நினைக்கக் கூடாது என்பது அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

"அறுபத்திரண்டு, ஆவணி மாசம்" என்றார் பொன்னுரங்கம்.

அவள் விரல் ஒரு வரியில் நின்றது.

"இருக்குங்ணா."

இத்தனை வருஷமும் இந்த நொடிக்காகத்தான் உயிரோடு இருந்ததுபோல அவருக்கு இருந்தது.

"பேர் தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

ஆள் செத்திருப்பான், பிள்ளை பேரன் இருப்பார்கள் என்றார். அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இந்த வில்லையைக் கையில் கொடுக்க வேண்டும். உங்கள் தாத்தன் செய்த காரியம் இது என்று சொல்ல வேண்டும்.

"சொல்லிப்போட்டு?"

"எங்கப்பனுக்கு மனசு ஆறுமுங்க."

நசீமா பதிவேட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். வாயை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள்.

பித்தளை. வட்ட வட்டமாக, நடுவில் ஒரு துளையும் ஒரு நம்பரும்.

"இது என்னன்னு தெரியுதுங்களா?"

தெரியாமல் என்ன. மில் தொழிலாளிகளின் டோக்கன். வாசலில் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இந்தக் கழுதையை எத்தனை கடையில், எத்தனை குவியலில் பார்த்திருக்கிறார். அடியில் போலீஸ் பித்தளை கிடக்குமோ என்று இரண்டு கையாலும் ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்.

"அதை எதுக்குங்க இப்ப?"

"மில்லுப் பேரைப் பாருங்ணா."

அவர் ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். அப்பாவின் மில்.

மில்லை மூடின அன்றைக்கு மொத்தமாக எடைக்குப் போட்டதாம். ஒன்று விடாமல் அவளுடைய அப்பா வாங்கி வைத்திருந்தாராம்.

"ஆள் செத்தா டோக்கனை மில்லுல திருப்பிக் குடுத்துரோணும். அதனால உங்கப்பாவோடதும் இதுலதான் கெடக்கும். எடுத்துக்குங்க."

பொன்னுரங்கம் கீழே உட்கார்ந்தார். முழங்கால் வலி ஞாபகம் வரவில்லை.

ஒன்றை எடுத்தார். 77. வைத்தார். 1140. வைத்தார். 602.

அப்பா வேலை முடிந்து வந்து சட்டையை ஆணியில் மாட்டுவார். டோக்கன் அந்தச் சட்டைப் பொத்தானில் தொங்கும். தினமும் சாயங்காலம் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டுதான் இவர் நின்றிருந்தார்.

935. வைத்தார். 214. அதை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் வைத்தார்.

நசீமா பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். பெயர் எழுதிய வரி அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மணி" என்றார், டோக்கன் குவியலைப் பார்த்தபடியே. "எங்கப்பன் நம்பர் எத்தனைங்க?"

"அவரு உங்க அப்பாங்ணா, எங்கிட்டக் கேக்கறீங்க" என்றாள் நசீமா.