பெயர் வெட்டிய டம்ளர்

ஒரு பாட்டுக்குள் ஐந்து பேர் குடியிருந்தார்கள். குரல், கித்தார், டிரம், தரையோடு தரையாக உறுமும் பேஸ், எல்லோரும் சொல்லி முடித்ததையே இன்னொரு தடவை சொல்லும் எதிரொலி. வீடு சின்னது, மூன்றரை நிமிடம்தான். ஆனாலும் பிறந்த அன்று அவர்களுக்குள் இடத்தகராறு எதுவும் இல்லை.

அவர்களைப் பிறப்பித்தவன் ரெமி. தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரிகளை எடை பார்க்கிற வேலை. வாடகை வீட்டின் மாடி அறைதான் அவனுடைய ஸ்டூடியோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் துணி அலமாரியின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைப்பான். தொங்குகிற சட்டைகள் அறையின் இரைச்சலைக் குடித்துவிடும். ஜன்னலுக்குக் கம்பளி போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை சொட்டச் சொட்டப் பாடுவான். அதன் பிறகு கணினியில் உட்கார்ந்து, யார் முன்னால் நிற்க வேண்டும், யார் அடக்கி வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் இடம் பார்த்து நிறுத்துவான். இதைத்தான் மிக்ஸிங் என்கிறார்கள். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு ஆள் நிறுத்துவதும் இதுவும் ஒன்றுதான். யாராவது ஒருவருக்குத் தலை மறையும்.

இந்தப் பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ரெமியின் அக்கா செலின், முத்தையாபுரத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். தம்பி வந்து பாடுவான் என்று மாமியார் வீட்டு ஆட்களிடம் ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தாள். அன்று காலை மதுரையிலிருந்து ரெமிக்கு அழைப்பு வந்தது. ஒரு பாட்டுக்குக் கித்தார் வாசிக்க அவசரமாக ஆள் வேண்டுமாம். போய்விட்டான். அக்காவுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. முந்தின நாளே கடையில் பணம் கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்த ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் மட்டும், 'அன்புடன் தம்பி ரெமி' என்று பெயர் வெட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. அக்கா மத்தியானம் வரை ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தாள். பிறகு தானே அதைத் தூக்கி உள்ளே போட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

ரெமிக்கு நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வராது. மூன்று தடவை அவள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவன். அதனால் சொல்ல வேண்டியதைப் பாட்டின் மூன்றாம் அடியில் வைத்துக் குரலிடம் ஒப்படைத்தான்.

"பால் பொங்கின நேரத்துல பக்கத்துல நானில்ல, பொறுத்துக்கோ அக்கா."

இவ்வளவுதான். குரல் இதை மடியில் முடிந்து வைத்துக்கொண்டது. மற்ற நாலு பேருக்கும் விஷயம் தெரியும். "நீ போய்ச் சொல்லு, நாங்க பின்னால நிக்கோம்" என்று பேஸ் வாக்குக் கொடுத்திருந்தது.

நேராக அக்காவுக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் வீட்டிலேயே பாட்டுப் பதிகிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு, நாலு பேரிடம் காட்டாமல் எதையும் வெளியே விட மாட்டார்கள். ரெமிக்கும் மூன்று சிநேகிதர்கள் இருந்தார்கள். நால்வரும் சேர்ந்து 'நாலு சுவர்' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். அந்தக் குழுவில் ஒரு சட்டம். யார் பாட்டுப் போட்டாலும் 'நல்லாருக்கு' என்று மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது, குறை ஒன்றாவது சொல்லியே ஆக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் கோயில் சிலைக்கும் மூக்கு கோணல் என்று சொல்லலாம்.

யாருக்காகப் பாடினான் என்று ரெமி அவர்களிடம் சொல்லவில்லை. வெட்கம். "மக்கா, புதுப் பாட்டு. மிக்ஸ் எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டான். ஐந்து பேரும் ஊர்வலம் கிளம்பினார்கள்.

முதலில் பூபாலன் வீடு. அங்கே இரண்டு பெரிய ஒலிப்பெட்டிகள் தகரக் கூரைக்குக் கீழே சுவர் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன. மூலையில் நிற்கிற பெட்டிக்குப் பேஸ் எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். அது பெட்டியின் தப்பில்லை, வேறு இடம் இல்லை.

பேஸ் உள்ளே நுழைந்ததும் கூரை அதிர்ந்தது. "எய்யா, இப்படி வந்தா வீடு தாங்காது. நல்லதுக்குத்தான் சொல்லுதேன், பாதியாக் கொறஞ்சுக்கோ" என்றது பெரிய பெட்டி. பாசத்தோடுதான் சொன்னது. பூபாலனும் அதையே குழுவில் எழுதினான்.

ரெமி பேஸைப் பாதியாகக் குறைத்தான். பாட்டுக் கோப்புக்கு 'கடைசி' என்று பெயர் வைத்தான்.

அடுத்து நாகூர்கனி. அவன் வீட்டில் கைக்குழந்தை தூங்கும். அதனால் அவனுக்கு எல்லாமே ஹெட்போன்தான். ஹெட்போன் நல்ல மனசுக்காரி, ஆனால் கூச்சம் அதிகம். குரல் பக்கத்தில் வந்து நின்றதும் நெளிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நின்னா என்ன? நீ மூச்சு விடுறது எனக்குக் காதுக்குள்ளயே கேக்கு" என்றாள்.

"நான் சொல்ல வந்தது பக்கத்துல நின்னு சொல்ல வேண்டியது" என்றது குரல்.

"இருக்கட்டும் தாயி. நாலு பேர் கேக்குற பாட்டு. ரெண்டு அடி பின்னால போ. கூட எதிரொலிய வச்சுக்கோ, கௌரவமா இருக்கும்."

எதிரொலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை யாரும் அதைக் கௌரவம் என்று சொன்னதில்லை. ரெமி குரலைப் பின்னால் தள்ளி எதிரொலியைத் தாராளமாக ஊற்றினான். இப்போது குரல் ஒரு சொல்லைச் சொன்னால் எதிரொலி மூன்று தடவை சொன்னது. 'உண்மையான கடைசி' என்று பெயர் மாறியது.

மூன்றாவது பேச்சிமுத்து. அவன் பாட்டுக் கேட்பது காரில். திருச்செந்தூர் ரோட்டில் ஜன்னலை இறக்கிவிட்டு உப்புக்காற்றோடு கேட்டால்தான் அவனுக்கு ஒரு பாட்டு பாட்டாகத் தெரியும். கார் பெட்டிக்கு எஞ்சின் சத்தத்தில் பாதிக் காது அடைத்திருந்தது. "டிரம் வந்திருக்காரா? எங்க, காணமே" என்று பக்கத்தில் நின்ற டிரம்மிடமே கேட்டது.

ரெமி டிரம்மை ஏற்றினான். டிரம் ஏறியதும் கித்தார் மெலிந்துவிட்டது என்று பூபாலன் சொன்னான். கித்தாரை ஏற்றினான். பேஸ் போனதில் பாட்டுக்கு வயிறே இல்லை என்று நாகூர்கனி வருத்தப்பட்டான். பேஸைத் திரும்பக் கூப்பிட்டான். இப்படி மூன்று வாரம். கேட்டவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், சொன்னதெல்லாம் அவரவர் வீட்டில் உண்மை. ரெமி அத்தனை உண்மையையும் ஒரே பாட்டில் அடைத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பதினோராவது தடவை 'சத்தியமா கடைசி' என்று பெயர் வைத்து அனுப்பியபோது மூன்று வீட்டிலும் ஏகப்பட்ட பாராட்டு. இப்போதுதான் பாட்டு நிமிர்ந்து நிற்கிறது என்றார்கள். தான் சொன்ன குறை சரியானதில் ஒவ்வொருவனுக்கும் பெருமை. பாட்டுக்குள்ளோ குரல் டிரம்முக்கும் கித்தாருக்கும் பின்னால், எதிரொலியின் முந்தானைக்குள், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கு இடம் இருக்கா?" என்று பேஸ் விசாரித்தது.

"நிக்க இடம் இருக்கு. சொல்ல இடம் இல்ல" என்றது குரல்.

பேஸுக்கு முகம் சின்னதாகிவிட்டது. பின்னால் நிற்பதாக வாக்குக் கொடுத்தது அதுதானே.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரெமி கண்ணை மூடிக்கொண்டு அதை அக்காவுக்கு அனுப்பினான்.

செலின் அக்காவின் சமையலறையில் பெரிய பெட்டியும் கிடையாது, ஹெட்போனும் கிடையாது. பாட்டுக் கேட்க வேண்டுமானால் அவள் போனைத் தூக்கி ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுவிடுவாள். சத்தம் இரண்டு மடங்காகும். அதற்கென்றே ஒரு டம்ளர். பெயர் வெட்டிய ஆறில் ஐந்து பரணில் கிடந்தன. ஆறாவதுதான் இது. எதற்காக இதை மட்டும் கீழே வைத்திருக்கிறாள் என்று அவளிடம் கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆனால் அதில் இதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை.

தம்பியிடமிருந்து வந்ததைப் பார்த்ததும் அவள் வெங்காயம் நறுக்கிய கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு டம்ளருக்குள் இறக்கிவிட்டு அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நின்றாள்.

ஐந்து பேரும் டம்ளருக்குள் குதித்தார்கள். குதித்ததுமே டம்ளர் தவித்துப்போனது. பேஸுக்கு அங்கே கால் வைக்க இடமே இல்லை, வாசலோடு சரி. டிரம் கரண்டியால் தட்டுகிற மாதிரி கணகணத்தது. எதிரொலி விளிம்பில் மோதி மோதிச் சுற்றியது.

"ஒவ்வொருத்தரா பேசுங்க. அக்கா அடுப்ப அணைச்சிட்டு நிக்கா. எதுக்கு வந்திருக்கீங்க?" என்று டம்ளர் கேட்டது.

குரல் தன் மூன்றாம் அடியைச் சொன்னது. எட்டிக் குதித்தும் சொன்னது. 'பால்' என்பது மட்டும் வெளியே தலை காட்டியது. மிச்சம் எல்லாவற்றையும் கணகணப்பு கொண்டுபோய்விட்டது.

அக்கா பாட்டை நிறுத்தினாள். மறுபடி போட்டாள். டம்ளருக்கு மேல் குனிந்து கேட்டாள். மூன்றாம் தடவையும் போட்டாள். டம்ளர் தன்னால் முடிந்த மட்டும் அசையாமல் இருந்து பார்த்தது. கடைசியில் அவள் போனை வெளியே எடுத்து, இரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பிக்கு முதல் வரி எழுதினாள்.

"என்னல சொல்லுத? ஒண்ணும் வெளங்கல."

எடை மேடையில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. ரெமி அதை மறந்துவிட்டு அந்த வரியை ஆறு தடவை படித்தான். பிறகு, பழக்க தோஷம், அதை அப்படியே படமெடுத்து 'நாலு சுவர்' குழுவில் போட்டான். "இன்னொரு குறை வந்திருக்கு மக்கா. என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

யார் எழுதியது என்றான் நாகூர்கனி. ரெமி சொன்னான். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னான், பால் காய்ச்சிய நாளையும், மதுரையையும், யாரோ சொல்லித் தெரிந்த அந்தக் காலி நாற்காலியையும். எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. அதற்குள் பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தன.

அப்புறம் பூபாலன் போனிலேயே கூப்பிட்டுவிட்டான்.

"லேய் கோட்டிக்காரா, அக்காவுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் பேஸப் பத்தி வாயத் தொறந்திருப்பனா? இன்னும் எதையும் ஏத்தாத, எறக்காத. நேர்ல போ."

"போனா பேச்சு வராதுல."

"வராட்டி சும்மா நில்லு. வெளங்கலன்னு சொல்லிட்டா, இல்ல? வெளங்கணும்னு நெனைக்கிறவதான் அப்படிச் சொல்லுவா."

பேச்சிமுத்து அதற்குள் கிளம்பியிருந்தான். காரை எடுத்துக்கொண்டு எடை மேடை வாசலுக்கே வந்துவிட்டான். ரெமி மேற்பார்வையாளரிடம் அரைநாள் சொல்லிவிட்டு ஏறினான். முத்தையாபுரம் போகிற வரை பேச்சிமுத்து பாட்டே போடவில்லை. அவன் காரில் இது நடந்ததே இல்லை. கார் பெட்டிக்குத் தன் காது முழுக்க அடைத்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது.

ரெமியின் சட்டைப்பையில் இருந்த போனுக்குள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். குரல் மட்டும் அவன் தொண்டையில் வந்து நின்றது.

"நாங்களும் வரவா?" என்று டிரம் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"வேண்டாம். ஆனா தூரமாப் போயிராதீங்க" என்றது குரல்.

அக்கா கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். ரெமி பின்னாலேயே சமையலறை வாசல் வரை போனான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கி வரும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் காப்பி கலந்தாள். கை பாத்திர அடுக்குக்குப் போனது, அங்கே நல்ல டம்ளர்கள் வரிசையாக இருந்தன. கை அவற்றைத் தாண்டிப் போய், மேடை ஓரத்தில் இருந்த அந்த டம்ளரை எடுத்தது.

சூடான காப்பி உள்ளே விழுந்ததும் டம்ளர் திடுக்கிட்டது. இரண்டு வருடமாக அதற்குள் பாட்டு மட்டும்தான் விழுந்திருக்கிறது. வயிறு நிறைந்தால் இப்படி இருக்குமா என்று அதற்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெமி வாயருகே கொண்டுபோனான். கண்ணுக்கு நேராக அவன் பெயர். குடிக்க முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. அதனால் ஆவி பறக்கும் டம்ளருக்குள், ராகம் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்.

"பால் பொங்கின நேரத்துல பக்கத்துல நானில்ல. பொறுத்துக்கோ அக்கா."

டம்ளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் வாங்கி வெளியே விட்டது. எதிரொலி பையிலிருந்து எட்டிப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை.

அக்கா திரும்பவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதுல" என்றாள். "குடி, ஆறிரும்."