திரைக்குப் பின்னால் ராஜா

முன்னொரு காலத்தில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான்) ஒரு ராஜாவுக்கு அரண்மனைக்குள்ளேயே படகு விட வேண்டும் என்று ஆசை வந்தது. ராஜா ஆசைப்பட்டால் கேட்கவா வேண்டும்! அமைச்சர் கருணாகரர் பெரிய ஏரியின் மதகை அடைத்து, தண்ணீரையெல்லாம் அரண்மனைக் குளத்துக்குத் திருப்பிவிட்டார்.

"ஊருக்குத் தண்ணீர் இருக்கிறதா?" என்று ராஜா கேட்டார்.

"வேண்டிய மட்டும் இருக்கிறது, பிரபு."

அவ்வளவுதான், ராஜா துடுப்பை எடுத்துவிட்டார்.

வயல்களோ பாளம் பாளமாக வெடித்தன. வாய் திறக்க எவனுக்கும் துணிச்சலில்லை. கூத்தாடி நல்லப்பன் மட்டும் ராஜா வேஷம் கட்டி, காய்ந்த வயலில் படகு ஓட்டிக் காட்டினான். ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. மறுநாளே அவனைச் சிறையில் தள்ளினார்கள். வெள்ளிக்கிழமை நாக்கை அறுப்பதாகத் தீர்ப்பு.

அரண்மனைக் கோமாளி சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காலத்தில் இருவரும் ஒரே மேளத்துக்கு ஆடியவர்கள். நேரே சபைக்குப் போனான்.

"அரசே, பார்க்காத கூத்துக்குத் தண்டனை தரலாமா? ஒருமுறை பார்த்துவிட்டு அறுங்கள்."

கோமாளியைக் கண்டாலே அமைச்சருக்கு எரியும். "நடக்கட்டும் பிரபு. ஆனால் ஒருவரும் ராஜா வேஷம் கட்டக் கூடாது. குடியானவனாக வருகிறவன் வாயே திறக்கக் கூடாது. மீறினால் இவன் நாக்கும் சேர்ந்து போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. சடையாண்டி கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

வெள்ளிக்கிழமை காலை, அரண்மனை முற்றத்தில் கூத்து. கூத்தில் ராஜா சட்டென்று வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் முன்னால் திரை பிடிப்பார்கள், கட்டியங்காரன் முழங்குவான், பிறகுதான் திரை விலகும். சடையாண்டிதான் கட்டியங்காரன். அவன் திரையை எடுத்துக்கொண்டு நேரே சிம்மாசனத்துக்கு நடந்தான். ஒரு முனையை மேளக்காரனிடம் கொடுத்து, நிஜ ராஜாவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தான்.

"ராஜாதி ராஜர் வருகிறார், பராக்!"

அந்தப் பக்கம் நல்லப்பன் குடியானவனாக வந்தான், கூடவே ஒரு நிஜ மாடு. இல்லாத கிணற்றில் வாளி விட்டான், இழுத்தான், வெறும் வாளியை மாட்டின் முன் வைத்தான். சனங்கள் சிரித்தார்கள். மாடு வாளிக்குள் மூக்கை விட்டுத் துழாவியது. சிரிப்பு அடங்கிப்போனது. உத்தரவு தெரியாத மாடு மட்டும் "ம்மா" என்று அலறியது.

"என்னய்யா நடக்கிறது அங்கே? ஒன்றும் தெரியவில்லையே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ராஜா கத்தினார்.

"ஆகா! கூத்து ராஜாவின் வசனமும் இதுதான் அரசே. அச்சு அசலாகச் சொல்கிறீர்கள்!" என்றான் சடையாண்டி.

அமைச்சர் துள்ளி எழுந்தார். "பிரபு, உத்தரவை மீறிவிட்டான்!"

"எங்கே சாமி மீறினேன்? குடியானவன் வாய் திறக்கவில்லை. ராஜா வேஷமும் யாரும் கட்டவில்லை, உள்ளே இருப்பவர் அசல் ராஜா."

ராஜா தன் கையாலேயே திரையைப் பிடுங்கி எறிந்தார். மாட்டின் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மாடு இன்னும் அந்த வாளியை நக்கிக்கொண்டிருந்தது.

"மதகைத் திறங்கள்" என்றார் ராஜா. "நல்லப்பனை வீட்டுக்கு அனுப்புங்கள். சடையாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"இனி வருஷா வருஷம் இங்கே கூத்து நடக்கட்டும், அரசே. திரை பிடிக்கிற வேலையை மட்டும் அமைச்சருக்குக் கொடுங்கள்."

"அவருக்கு எதற்கப்பா அது?"

"உங்களுக்கு முன்னால் திரை பிடிப்பதில் அவரைவிடக் கைதேர்ந்தவர் யார் இருக்கிறார்கள்?"

ராஜா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வெட்கம் என்று சடையாண்டி கேட்கவில்லை. தூரத்தில் மதகு திறக்கிற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.