தாழிட்ட கூடம்

காவிரிக்கரை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குரு பேச ஆரம்பித்ததும் கூடத்தின் கதவைத் தாழிட்டுவிடுவார்கள். பேச்சு முடியும்வரை ஒருவரும் எழக் கூடாது. அந்தத் தாழுக்குப் பயந்து பூங்கோதை, பேச்சு உள்ள நாளில் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொள்வாள்.

மூன்று பிள்ளை பெற்றவள். இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால்கூடச் சிறுநீர் கசிந்துவிடும். பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் உண்டு என்று அவள் அக்கா சொன்னதை நம்பி வருஷக்கணக்காக ஓட்டிவிட்டாள். ஒருநாள் உரக்கப் பதிகம் பாடும்போது உட்கார்ந்திருந்த பாய் நனைந்தது. அவமானம் அவளைப் பிடுங்கித் தின்றது.

குரு மங்களாம்பிகை அவளைவிட வயதில் இளையவர். அவரிடம் போய், இனிமேல் கூடத்துக்கு வரவில்லை, மாட்டுக்கொட்டில் வேலையோடு இருந்துகொள்கிறேன் என்றாள். காரணத்தையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

“வைத்தியம் பாத்தீங்களா?”

“இல்லம்மா. வந்ததை ஏத்துக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. ஏத்துக்கிட்டேன்.”

குரு ஒரு சொம்புத் தண்ணீரை அவள் முன்னால் வைத்தார். “குடிங்க.”

பேச்சு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லியும், பழகிப்போன பயத்தில் பூங்கோதையின் கை நீளவில்லை.

“ஏத்துக்கிட்டவங்களுக்கு எதுக்குப் பயம்?” என்றார் குரு.

மறுநாள் பூங்கோதை டாக்டர் ஷகிலாவிடம் போனாள். எப்போது கசிகிறது, அவசரம் வந்தால் அடக்க முடிகிறதா என்று அவர் சுற்றிவளைக்காமல் கேட்டார். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று சோதித்தார், இருமச் சொல்லியும் பார்த்தார். சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது என்றார். அந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். சில மாதம் விடாமல் செய்தால் பலன் தெரியும், போதாவிட்டால் வேறு வழிகளும் உண்டு, தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள் என்று கண்டித்து அனுப்பினார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் எத்தனை வருஷம் மிச்சமாகியிருக்கும்.

கோபம் தணிவதற்குள் அடுத்த பேச்சு வந்தது. தாகம் தீரத் தண்ணீர் குடித்துவிட்டு முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள். பேச்சின் நடுவே எழுந்து கதவுக்குப் போனாள். மூத்த சீடர் தில்லைநாதன் தாழ்மேல் கை வைத்தபடி வழியை மறித்தார்.

“முடியுற வரைக்கும் பொறுக்க முடியாதா?” என்று பல்லைக் கடித்தார்.

முன்பென்றால் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பாள்.

“முடியாது. எனக்கு மூத்திரம் கசியுற வியாதி. வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன். கதவைத் திறங்க.”

கூடம் முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கமிருந்து இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார்கள்.

தில்லைநாதனின் முகம் சிவந்துவிட்டது. குருவைப் பார்த்து, “சத்தியம் பேசுற இடத்துல இதெல்லாமா அம்மா?” என்றார்.

“சத்தியம் பேசினது அவங்கதான்” என்றார் குரு. “நான் இவ்வளவு நேரமும் சும்மா பேசிக்கிட்டிருந்தேன். அந்தத் தாழைக் கழட்டி எறிங்க.”