மூன்று பாயும் ஒரு மணையும்

ஒரு ஊரில் மருந்துக்கடைக்கு மேலே, மாடியில், ஒரு பாட்டு வகுப்பு இருந்தது. வாரம் முழுக்கப் பிள்ளைகள் வந்து தொண்டை கிழியக் கத்திவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. வாத்தியார் சனிக்கிழமையே பூட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார். அப்புறம் உள்ளே இருக்கும் வாத்தியங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் கூடி ஒரு சபை நடத்தினார்கள். வாரநாளில் எல்லாரும் வாத்தியார் சொன்னபடி வாசிக்கிறவர்கள். ஞாயிறன்று மட்டும் தங்கள் ஆசைக்கு வாசிப்பார்கள். யாராவது புதிதாக ஒரு உருப்படி, அதாவது ஒரு பாட்டு, கட்டிக்கொண்டு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கஞ்சிரா முதல் ஜால்ரா வரை இடம் பிடித்து உட்கார்ந்துவிடும்.

சபைக்குச் செயலாளர் ஆர்மோனியம். செயலாளர் ஆனதிலிருந்து அவர் வாசிப்பதை விட்டுவிட்டார். சட்டதிட்டம் பேசவே அவருக்கு மூச்சு போதவில்லை. புது உருப்படி வந்தால் அவர் முதலில் கேட்பது, “எத்தனை பாய் போடணும்?” வாசிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பாய். அதைக் கட்டியவருக்கு எதிரே ஒரு மணைப்பலகை. அது பெரிய மரியாதை. ஆனால் மணையில் உட்கார்ந்தவர் உருப்படி முடிகிற வரை ஒரு சத்தமும் எழுப்பக் கூடாது. நடுவில் புகுந்து திருத்த ஆரம்பித்தால் சபை சந்தைக்கடை ஆகிவிடும் என்பது அவர் கட்சி. மூன்று ஞாயிறு வாசித்தும் ஒரு உருப்படி தேறவில்லை என்றால் அதோடு அதைக் கைவிட்டுவிட வேண்டும். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது.

இந்தச் சபையில் தம்புராவும் இருந்தாள். இருந்தாள் என்று சொல்லலாம், அவ்வளவுதான். யார் வாசித்தாலும் அவள் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து தன் நாலு தந்தியையும் மீட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பாய் கிடையாது. அவளும் கேட்டதில்லை. மின்விசிறி ஓடுவதை யாராவது கவனிக்கிறார்களா? அந்த மாதிரிதான் அவள் மீட்டல்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு ஆசை வந்தது. பிள்ளைகள் தினம் அதே பாடத்தைத் தப்பாகப் பாட, அவள் மீட்டிக்கொண்டே வேறு எதையோ கேட்க ஆரம்பித்தாள். அவள் மனசுக்குள் வயலின் ஒன்று சொல்லும், குழல் அதற்குப் பதில் சொல்லும், மிருதங்கம் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமல் நடந்து போகும். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிக் கேட்டுக் கேட்டு, மூன்று பேர் வாசிக்கிற ஒரு சின்ன உருப்படி அவளுக்குள் சேர்ந்துவிட்டது. ஆயுசில் அவள் தனக்கென்று செய்த ஒரே காரியம் அது.

சொல்வதற்குக் கூச்சம். நமக்கு எதுக்கு இந்த வேலை என்று இரண்டு வாரம் அடக்கி வைத்தாள். கடைசியில் ஒரு நாள் புல்லாங்குழலைக் கூப்பிட்டுச் சொன்னாள். குழல் சின்னவன், எதற்கும் ரெடி. “அக்கா, நீங்களா கட்டினீங்க?” என்று வாயைப் பிளந்துவிட்டு, உடனே கற்றுக்கொண்டான். அப்புறம் வயலின். அவனுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு, ஆனால் தன் பகுதியைக் கேட்டதும், “பரவாயில்லையே, எனக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு” என்றான். மிருதங்க மாமா இரண்டாம் தடவை வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டார். அதுவே பெரிய பாராட்டு.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மீட்டியபடியே அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒருத்தர் பாக்கியில்லாமல் பிசிறில்லாமல் வாசித்தார்கள். இனி என்ன, மூன்றையும் சேர்க்க வேண்டியதுதான்.

முதல் ஞாயிறு வந்தது. ஆர்மோனியம் வழக்கம்போலக் கேட்டார்.

“எத்தனை பாய் போடணும், தம்புரா?”

“மூணு போதும், சார்.”

மூன்று பாய் விரித்தார்கள். எதிரே மணை போட்டார்கள். தம்புரா முதல்முறையாகச் சுவரை விட்டு நகர்ந்து வந்து மணையில் உட்கார்ந்தாள். படபடப்பில் அவளுக்குக் குடமே அதிர்ந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

வயலின் ஆரம்பித்தான். நன்றாகத்தான் ஆரம்பித்தான். குழல் பதில் சொன்னான். அதுவும் சரி. அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. குழல் ஒரு இழை மேலே போனான். வயலின் அவனைப் பிடிக்கப் போய் இன்னும் மேலே போனான். இது சரியில்லை என்று திரும்பி வந்தவன் கீழே இறங்கிவிட்டான். மிருதங்கம் யாரோடு போவது என்று தெரியாமல் தடுமாறினார். மூன்று பேரும் மாறி மாறித் தம்புராவைப் பார்த்தார்கள். பாவம், பயப்படுகிறார்கள், தைரியம் சொல்வோம் என்று நினைத்து அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் போகிறது போலிருக்கிறது என்று அவர்களும் அதே வழியில் இன்னும் தூரம் போய்விட்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு ஸ்டாப்பிங்கில் இறங்கின மாதிரி உருப்படி முடிந்தது.

பிறகு கஞ்சிரா, “வித்தியாசமா இருக்கு” என்றது. நல்லா இல்லை என்பதை நாகரிகமாகச் சொல்ல வேறு வழி ஏது?

அதற்கப்புறம் ஒரே பஞ்சாயத்து. குழலுக்கு மூச்சுச் சூடு ஏறிவிட்டது, அதனால்தான் மேலே ஓடினான் என்றான் வயலின். வயலினின் தந்தி முறுக்கும் பிருடைகள் நிற்பதே இல்லை, இவர் என்னைச் சொல்கிறாரா என்றான் குழல். மிருதங்கத்துக்கு இடப்பக்கத் தோலான தொப்பியில் ரவை சரியாகப் பூசவில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். மாமா கோபித்துக்கொண்டு உறைக்குள் போய்விட்டார்.

தம்புரா குழம்பிப் போனாள். தனித்தனியாகக் கேட்டால் தேன். சேர்த்தால் இப்படி. அப்படியென்றால் தப்பு வாசிப்பில் இல்லை, தான் கட்டியதில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். அந்த வாரம் உட்கார்ந்து உருப்படியையே மாற்றினாள். குழல் மேலே ஏறுகிற இடத்தை வெட்டினாள். வயலின் இழுக்கிற இடத்தைக் குறுக்கினாள். அவளுக்கு மிகவும் பிடித்த இடங்கள் அவை. பிள்ளையின் தலைமுடியை ஆசையாய் வளர்த்து மொட்டையடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் செய்தாள்.

இரண்டாம் ஞாயிறும் அவள் மணையில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமே பிரிந்து போனார்கள். மறுபடியும் அவளைப் பார்த்தார்கள், மறுபடியும் அவள் சிரித்துத் தலையாட்டினாள். உள்ளுக்குள் அழுதாள். ஆர்மோனியம் நல்லவர்தான், வலிக்காமல் சொல்லப் பார்த்தார். “இன்னும் ஒரு வாரம் இருக்கு, தம்புரா. அன்னிக்கும் வரலைன்னா விட்டுடலாம். எல்லாருக்கும் எல்லாம் வந்துடணும்னு இல்லையே. உனக்குன்னு ஒரு வேலை இருக்கு, அதை நீ நல்லாவே பண்றே.”

அந்தப் பேச்சு அவளை நன்றாகவே சுட்டது. சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டாள். ஒருவேளை மழைக்காலம் முழுக்கத் தான் கேட்டது எல்லாமே பிரமையோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்து வாத்தியார் போனதும் குழல் அவளிடம் வந்தான். அவனுக்கு மனசு கேட்கவில்லை. “அக்கா, வெட்டினதையெல்லாம் திரும்பச் சேருங்க. பழையபடியே எனக்கு இன்னொரு தடவை சொல்லிக் கொடுங்க. நான்தான் எங்கேயோ விடறேன்” என்றான். எதற்கு வீண் வேலை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சின்னவன் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடியே மீட்டத் தொடங்கினாள், அவன் வாசித்தான்.

வெளியே நல்ல மழை. ஜன்னல் திறந்து கிடந்தது. பெட்டிக்குள் படுத்திருந்த வயலினுக்குப் பொறுக்கவில்லை. “அந்த இடத்தில் நான் எப்படி வருவேன்னு தெரிஞ்சாத்தானே நீ சரியா இடம் விடுவே” என்று எழுந்து வந்து சேர்ந்துகொண்டான். இவர்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் போவதைப் பார்த்த மிருதங்க மாமா, உறையிலிருந்து தலையை நீட்டி, தானும் நடக்க ஆரம்பித்தார்.

உருப்படி முழுசாக வந்தது. குழல் மேலே ஏறி, ஏறின இடத்திலேயே நின்றான். வயலின் அவனைத் தொட்டுவிட்டு வீடு திரும்பினான். மாமா இரண்டு பேரையும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தம்புரா மழைக்காலம் முழுக்கக் கேட்டாளே, அதேதான், ஒரு அணுவும் பிசகவில்லை. முடிந்ததும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இன்னிக்கு மட்டும் எப்படி வந்தது?” என்றான் குழல்.

அதுதானே யாருக்கும் தெரியவில்லை. தான் காலையில் பிருடையை இறுக்கியதால் வந்தது என்றான் வயலின். மழை ஈரத்தில் தன் தோல் பதமாக இருந்தது என்றார் மாமா. ஜன்னல் பக்கமாக நின்று வாசித்ததுதான் காரணம் என்றான் குழல். தம்புராவும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலாகத்தான் இருக்கும் என்றாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்கள் இருக்கிறார்களே, அதில் இவள் ஒருத்தி.

மூன்றாம் ஞாயிற்றுக்கு ஏற்பாடு பலமாக நடந்தது. சபையே ஜன்னலோரம் இடம் மாறியது. வயலின் பிருடையை மறுபடியும் இறுக்கினான். மழை வரவில்லை என்று மாமாவின் தோலில் தண்ணீர் தொட்டுத் தடவினார்கள். குழல் வெள்ளிக்கிழமை நின்ற அதே இடத்தில் நின்றான். ஒன்றையும் விடவில்லை. ஆர்மோனியம், “மூணு பாய்தானே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விரித்துவிட்டார். எதிரே மணை. தம்புரா போய் அதில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வயலின் ஆரம்பித்தான். குழல் பதில் சொன்னான். எங்கே பிரிவார்களோ என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிந்தார்கள். அதே இடம். குழல் ஒரு இழை மேலே போனான். வயலின் தேடிக்கொண்டு போனான். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

வழக்கம்போலச் சிரிக்கப் போனவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று பேர் கண்ணும் அவள் மடியில் இருந்தது, சும்மா கிடக்கிற கையின் மேல். போன வாரமும் அங்கேதான் பார்த்தார்கள், அதற்கு முந்தின வாரமும் அங்கேதான். அவர்களுக்கே தெரியாமல் பார்க்கிறார்கள். தாகம் எடுத்தவன் கண் பானைப் பக்கம் போகுமே, அப்படி.

மழைக்காலம் முழுக்க அவள் இதைக் கேட்டது எப்படி? மீட்டிக்கொண்டே. ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தது? மீட்டிக்கொண்டே. வெள்ளிக்கிழமை வந்தது? எல்லார் பகுதியையும் இழை பிசகாமல் கட்டினவள், ஒரு பகுதியைக் கட்டவே இல்லை, தன் மீட்டலை. ஊரார் அதை வாசிப்பு என்று எண்ணவில்லை, சரி. அவளும் எண்ணவில்லையே! நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது, அழுகையும் வந்தது.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. சுவரோரம் போய் மீட்டினால், அந்த மணையில் உட்கார்ந்து, தான் கட்டியதைக் கைகட்டிக்கொண்டு ஆற அமரக் கேட்கிற பாக்கியம் இந்த ஜென்மத்தில் அவளுக்குக் கிடையாது. ஒரு நிமிஷம் மணையைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று நல்ல பலா மரம். அதை விட மனசு வரவில்லை.

அதற்குள் உருப்படி தாறுமாறாகிக்கொண்டிருந்தது. ஜால்ரா கொட்டாவி விட்டது. ஆர்மோனியம் தொண்டையைக் கனைத்து, தீர்ப்புச் சொல்லத் தயாரானார்.

“சார்” என்றாள் தம்புரா.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். மணையில் இருந்துகொண்டு ஒருத்தர் பேசியது சபையில் அதுதான் முதல் தடவை. ஆர்மோனியத்துக்கு ஒரு கணம் மூச்சே வரவில்லை. சட்டம் தெரியாதா என்று அவர் கேட்பதற்குள் அவள் சொன்னாள்.

“எத்தனை பாய்னு கேட்டீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன் சார். நாலு.”

ஆர்மோனியம் எண்ணிப் பார்த்தார். வயலின், குழல், மிருதங்கம். மறுபடியும் எண்ணினார். அப்போதும் மூன்றுதான் வந்தது.

“நாலாவது யாரு?” என்றார் குழப்பத்தோடு.

தம்புரா மணையை விட்டு இறங்கினாள்.

“நான்தான்” என்றாள்.