கட்டைவிரல் தள்ளிய வசனம்

“தேன், தேன், தேன்! வருஷா வருஷம் தேன்தானா?”

மாசிலாமணி கையிலிருந்த அட்டைக்கட்டை மேசைமேல் போட்டார்.

எதிரே தபித்தாள் உட்கார்ந்திருந்தாள். வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கும் பைபிள் அம்மா. அவரைவிட இருபது வயது இளையவள். புதன்கிழமைதோறும் அவரும் அவளிடம் வேதம் படிக்க வருவார். படிப்பு கொஞ்சம், சண்டை அதிகம்.

“புத்தாண்டுக் காலையில தட்டுல கையைவிட்டு ஆளுக்கொரு வேத வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுக்கான். ஆசீர்வாதம், உயர்வு, சமாதானம்! அதைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு வருஷம் பூரா அதே அயோக்கியத்தனம். தீர்க்கதரிசிங்க தொண்டை கிழியக் கத்தினதெல்லாம் எங்க போச்சு?”

“அப்ப இந்த வருஷம் நீங்களே எழுதுங்க, அண்ணாச்சி.”

சண்டைக்குத் தயாராக வந்தவர் திகைத்துப்போனார்.

“நானா?”

“தட்டையும் நீங்களே பிடிங்க.”

“சபை இடாப்புல பேரில்லாதவன் நான். மறந்துட்டியா?”

“தட்டு பிடிக்கக் கைதான் வேணும்.”

மாசிலாமணி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தார். பிறகு துண்டறிக்கைகளாகவே எழுதித் தள்ளினார். கோயிலில் அவர் தெருக்காரர்களுக்குத் தனிப் பெஞ்சு போட்டதைக் கண்டித்து ஒன்று எழுதினார். சபை மூப்பர் தங்கையா அவர் குடும்பத்தையே பெயர்ப் பதிவேடான இடாப்பிலிருந்து அடித்தார். அந்த மாதமே மாசிலாமணியின் அம்மா இறந்துபோனாள். பேரில்லாத குடும்பத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று தங்கையா கதவைப் பூட்டினார்.

குளத்தங்கரையில் புதைத்தார்கள். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. தனிப் பெஞ்சு போய்விட்டது. பூட்டு மட்டும் போகவில்லை. சாவி இன்றும் தங்கையாவிடம்தான்.

மூன்று நாள் உட்கார்ந்து மாசிலாமணி இருநூறு அட்டை எழுதினார். எல்லாம் சிவப்பு மை. ஆமோஸ், மீகா, எரேமியா. ஒன்றில்கூட ஒரு சொட்டுத் தேன் கிடையாது.

இருநூறில் ஒரு அட்டைக்கு மட்டும் ஓரத்தை லேசாக மடித்துவைத்தார். ஏழையை ஒடுக்கிய ஒரு ராஜாவின் பிணம் நகர வாசலுக்கு வெளியே இழுத்தெறியப்படும் என்று எரேமியா சொன்ன வசனம் அது.

புத்தாண்டு விடிந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். புதுச் சேலை, புதுச் சட்டை, பிள்ளைகளின் கூச்சல். மாசிலாமணி தட்டோடு நின்றார்.  அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. ஜனங்கள் கண்ணை மூடி ஜெபித்து, எடுத்து, நகர்ந்தார்கள்.

தங்கையா வந்தார். கண்ணை மூடினார். கையை நீட்டினார்.

மாசிலாமணியின் கட்டைவிரல் அந்த ஓரம் மடிந்த அட்டையை அவர் விரலுக்கு நேரே தள்ளியது.

தங்கையா எடுத்தார். வாசித்தார். வெளியே போனார்.

ஆராதனை முடிந்ததும் ஊர் அழும் என்று மாசிலாமணி எதிர்பார்த்தார். முற்றத்தில் ஒரே ஆரவாரம்!

“அண்ணாச்சி! விசா கிடைச்சாச்சு!” அட்டையோடு ஓடி வந்தவள் நர்ஸ் ஜாஸ்மின். கனடா போக மனுப் போட்டிருந்தாள். “தூர தேசத்துக்குப் போவேன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு!”

“ஏ பிள்ளே, அது சிறைபிடிச்சு இழுத்துட்டுப் போறதைச் சொல்லுது!”

“எப்படிக் கூட்டிட்டுப் போனா என்ன, போறோம்லா!”

காண்டிராக்டர் நவமணி அட்டையைத் தலைக்குமேல் ஆட்டினார். “கல்வீடு! ஆமோஸ் எனக்குக் கல்வீடு கொடுத்துட்டாரு!”

“அதுல நீரு குடியிருக்க மாட்டீருன்னு அடுத்த வரியில இருக்குவே!”

“வாடகைக்கு விட்டுட்டாப் போச்சு! அல்லேலூயா!”

மாசிலாமணிக்கு ரத்தம் கொதித்தது. கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த தபித்தாளிடம் போனார்.

“பார்த்தியா உன் ஜனத்தை? இடி விழுந்தாலும் பட்டாசுன்னு கைதட்டுற கூட்டம்! ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஒழுங்கா வாசிச்சானா?”

தபித்தாள் விளக்குமாற்றால் வாசலைக் காட்டினாள்.

தங்கையா நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. ஒரு தோளில் மண்வெட்டி. ஒரு கையில் சாவி. இன்னொரு கையில் அட்டை.

“மாசிலாமணி.” குரல் உடைந்திருந்தது. “இருநூறு அட்டை கிடந்துச்சு. இது என் கைக்கு வந்திருக்கு. ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாரு. உங்க அம்மாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள கொண்டுவந்துருவோம். போதகர் ஐயர்கிட்ட சொல்லிட்டேன். நானே குழி வெட்டுதேன்.”

சாவியை நீட்டினார்.

முப்பத்தொரு வருஷம் காத்திருந்த சாவி. கையை நீட்டினால் போதும். வாயைத் திறந்தால் போச்சு. அந்தக் கதவு மறுபடி பூட்டிக்கொள்ளும், அம்மா குளத்தங்கரையிலேயே கிடப்பாள்.

மாசிலாமணி தபித்தாளைப் பார்த்தார். அவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தவன் பொய்யை அம்பலப்படுத்தி அச்சடித்து ஊர் ஊராய் ஒட்டிய ஆள் அவர். சொந்தப் பொய்யை மட்டும் மூடிவைக்க முடியவில்லை.

“அது ஆண்டவர் கொடுத்தது இல்ல, தங்கையா.”

“என்னவே சொல்லுதீரு?”

“நான் தள்ளிவிட்டது. ஓரத்தை மடிச்சு அடையாளம் வச்சு, இந்தக் கட்டைவிரலால. நீரு கூனிக் குறுகணும்னு தள்ளினேன். நீரு திருந்தணும்னு நினைக்கவே இல்ல.”

நீட்டிய சாவி மெல்லக் கீழே இறங்கியது.

தங்கையா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிந்த ஓரத்தைத் தடவினார். முகம் சிவந்தது. மாசிலாமணிக்குத் தெரிந்த பழைய முகம் திரும்பிக்கொண்டிருந்தது.

“பைபிள் அம்மா! அப்ப இது ஆண்டவர் என்கிட்டப் பேசினது இல்லையா? நீயே சொல்லு!”

தபித்தாள் நிமிர்ந்தாள்.

“தப்பான வழியில போன பிலேயாமை ஆண்டவர் எப்படி நிறுத்தினாரு, மூப்பரே?”

“அவன் ஏறிப்போன கழுதையைப் பேச வச்சாரு.”

“பேசினது உண்மையா, பொய்யா?”

“உண்மைதான்.”

“கழுதை யோக்கியமானதான்னு பிலேயாம் விசாரிக்கல.”

குப்பையை அள்ளிக்கொண்டு அவள் வெளியே போய்விட்டாள்.

தங்கையா மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தார். தோளில் மண்வெட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“வாரும்வே,” என்றார். “அம்மா கிடக்கிற இடத்தைக் காட்டும்.”