குளத்தைக் குடித்தது யார்?

காட்டு நடுவே இருந்த குளத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கோடை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நடுக்குளத்துப் பாறை தலையை வெளியே நீட்டிவிட்டது.

கரையில் வளை தோண்டிக் குடியிருந்த உடும்புதான் அங்கே தலைவர். அவர் கூட்டம் போட்டார்.

“எல்லாரும் பாதி குடிங்க!”

பாதி குடித்தார்கள். தண்ணீர் குறைந்தது. கால்வாசி குடித்தார்கள். அப்போதும் குறைந்தது.

“யாரோ திருட்டுத்தனமா குடிக்கிறாங்க!” என்று கத்தியது குரங்கு.

எல்லாத் தலைகளும் எருமையின் பக்கம் திரும்பின. அங்கே பெரிய வயிறு அவளுடையதுதான். நிறைமாதச் சினை.

“எருமையக்கா, உண்மையைச் சொல்லு. இன்னைக்கு எத்தனை மடக்கு குடிச்சே?” என்று கேட்டது குரங்கு.

“ஆறு மடக்கு, தம்பி.”

“ஆறு மடக்குக்கா இவ்வளவு வயிறு?”

“உள்ளே கன்னு இருக்குப்பா!”

“அப்போ அதுவும் சேர்ந்து குடிக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். எருமைக்குத் தலை சுற்றியது. ஆறு மடக்கா, ஏழா? தூக்கத்தில் எழுந்து போய்க் குடித்துவிட்டோமோ? இத்தனை பேர் சொல்கிறார்களே, எல்லோருமா பொய் சொல்வார்கள்?

“நாளை மறுநாள் நீ குளத்தை விட்டுப் போயிடணும்,” என்றார் உடும்பு.

அடுத்த தண்ணீர் ஆற்றில்தான். மூன்று நாள் நடை. அந்த வயிற்றோடு நடந்தால் அவள் வழியிலேயே விழுந்துவிடுவாள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் தலையாட்டினார்கள்.

எருமை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “நாளைக்கு ஒரு நாள் யாருமே குடிக்க வேண்டாம். நானும் கரையிலேயே நிக்கிறேன். அப்பவும் குறைஞ்சா?”

“யாருமேன்னா... தலைவருமா?” என்றது கொக்கு.

“தலைவரும்தான்!” என்றாள் எருமை.

உடும்பால் மறுக்க முடியவில்லை. கொக்கு நீர்மட்டத்தில் பாறைமேல் ஒரு கோடு கீறியது.

மறுநாள் முழுவதும் ஒரு நாக்கும் நனையவில்லை. மாலையில் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே கிடந்தது!

“வெயில் குடிச்சிருக்கும்,” என்றது கொக்கு.

“அந்தப் பாறைமேல குழியில தேங்கின தண்ணியும் அதே வெயில்லதானே கிடந்துச்சு? அது நகக்கண் அளவுதான் இறங்கியிருக்கு,” என்றது ஆமை.

அப்படியானால் குடித்தது யார்? யாருக்கும் புரியவில்லை. புரியாத கூட்டம் என்ன செய்யும்? பழைய தீர்ப்பையே கட்டிக்கொள்ளும்.

“எருமை பார்வையாலேயே குடிச்சிருப்பா! நாள் பூரா குளத்தையே முறைச்சுக்கிட்டு நின்னாளே!” என்றது குரங்கு.

“சரியான பாயின்ட்!” என்றார் உடும்பு.

எருமைக்குக் குழப்பத்தோடு கோபமும் வந்தது. “நாளைக்குப் போறவ இன்னைக்கு ஒரு முழுக்காவது போட்டுக்கிறேன்!” என்று குளத்தில் இறங்கிப் புரண்டாள். சேறு கலங்கி எழுந்தது.

அவள் அறியாத சேறா? எழுந்த இடத்திலேயே சுற்றிவிட்டுப் படிந்துவிடும். இன்றோ அது நீண்ட வாலாகத் திரண்டு கரையை நோக்கி நகர்ந்தது.

“இது எங்கே போகுது?” என்று அவளும் பின்னாலேயே போனாள். கரையடியில், நீருக்குள், ஓர் ஓட்டை சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே உடும்பின் வளை!

எல்லோரும் கரையேறி மறுபக்கம் ஓடினார்கள். உடும்பு வீட்டுப் பின்வாசலிலிருந்து கலங்கல் தண்ணீர் முட்புதருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

உடும்பு விழித்தார். “புதுசா ஒரு அறை தோண்டினேன். தரை ஜில்லுன்னு இருந்துச்சு. நான் செஞ்ச புண்ணியம்னுல்ல நினைச்சேன்!” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “எருமையம்மா, உங்க தண்டனையைப் பெருந்தன்மையோட ரத்து பண்றேன்.”

“அந்த ரத்தை நீங்களே வச்சுக்குங்க. களிமண் சுமந்து போடுங்க. நான் மிதிச்சு அடைக்கிறேன்.”

“தலைவருக்கு மண் சுமந்து பழக்கமில்லையே!” என்றது குரங்கு.

“தோண்டிப் பழக்கம் இருக்குல்ல?” என்றாள் எருமை.

உடும்பு களிமண்ணைக் கவ்விக் கவ்விக் கொண்டுவந்தார். வாய் நிறைய மண் இருந்ததால் ஓர் அறிக்கைகூட விடவில்லை. எருமை மிதித்து இறுக்கினாள். மறுநாள் காலை, தண்ணீர் இம்மியும் இறங்காமல் நின்றது. அவள் வயிறாரக் குடித்தாள்.

பற்றாக்குறை வந்தால் குடிப்பவரைக் குற்றவாளியாக்கும் முன் ஓட்டையைத் தேடுங்கள்; அதையும் தலைவர் வீட்டிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.