இடுப்போடு நின்ற லட்சுமி

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் வெள்ளிமலை ஆப்செட்டில் ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான். முதலாளி ஜெயக்கொடி அண்ணாச்சிக்கே ஃபேன்தான். அந்த ஏசி அறையில் கம்ப்யூட்டர்களோடு நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று பிரஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் தாராளமான கணக்கு.

தலைவர் தவசிக்கனி. அவருக்குக் கீழே மாரீஸ்வரன், காளிராஜ், தங்கபுஷ்பம் என்று மூன்று பேர். ஒருத்தரும் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகளும் இல்லை. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் தொல்லையே.

ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். டீலர்கள் அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். இந்த வருஷம் ஆல்பமே வேண்டாம், அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் படம் பார்க்கட்டும் என்று அண்ணாச்சியிடம் வாக்குக் கொடுத்தவர் தவசிக்கனிதான். அதற்காக ஒரு இணையதளமும், அதை ஓட்டுகிற அப்ளிகேஷனும் ஜாவா மொழியில் எழுதி முடித்திருந்தார்கள்.

அண்ணாச்சி சரியென்றார். ஆனால் ஆடிப் பதினெட்டு அன்று டீலர்கள் படம் பார்க்கவில்லை என்றால் ஏசி அறையைப் பசை வைக்கிற கிட்டங்கியாக மாற்றிவிடுவேன், நாலு பேரும் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிக்கப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். பசை வெயிலில் கெட்டுப்போகிறதாம். தகரம் அடிப்பது தகரக்கூரை போட்ட ஷெட்டில். அங்கே ஒரு மத்தியானம் நின்று பார்த்தவர்களுக்குத் தவசிக்கனியின் பயம் புரியும்.

முதல் சிக்கல், படங்கள் அடிக்கடி மாயமாகிக்கொண்டிருந்தன. அப்ளிகேஷன் இருக்கிற போல்டருக்குள்ளேயே படங்களையும் போட்டு வைத்திருந்தார்கள். புதுப் பதிப்பை ஏற்றும்போதெல்லாம் சர்வர் பழைய போல்டரைச் சுத்தமாகத் துடைத்துவிடும், படங்களும் கூடவே போய்விடும். நாலு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

"புதுசு ஏத்தும்போது உள்ள படம் இருந்தாத்தானே போகும்?" என்றார் காளிராஜ்.

"ஆமா."

"அப்ப ஏத்துறதுக்கு முன்னாடி நாமளே எல்லாப் படத்தையும் அழிச்சிட்டா? அதுக்கப்புறம் போறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?"

தவசிக்கனி எழுந்துபோய் காளிராஜின் கையைக் குலுக்கினார். அன்று சாயங்காலம் மாரீஸ்வரன் ஆயிரத்துச் சொச்சம் படங்களைத் தன் கையாலேயே அழித்தார். பிறகு புதுப் பதிப்பை ஏற்றினார்கள். சர்வரால் ஒரு படத்தைக்கூட அழிக்க முடியவில்லை. டீ வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, படம் எங்கே என்று கேட்டார். படங்களை மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. அண்ணாச்சிக்குச் சந்தேகம் தட்டிவிட்டதால், சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிற தன் மருமகள் யமுனாவிடம் கேட்டுச் செய்யுங்கள் என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

யமுனா மேடம் தெளிவாகத்தான் சொன்னார். படங்களை அப்ளிகேஷனோடு சேர்த்து வைக்காமல் வேறு டிரைவில் தனி போல்டரில் வைக்க வேண்டும், அப்போது புதுப் பதிப்பு ஏற்றினாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார். நாலு பேரும் அப்படியே செய்தார்கள். அந்த போல்டர் இருக்கிற இடத்தை அப்ளிகேஷனுக்குச் சொல்லிவிடலாம் என்று மாரீஸ்வரன் கீபோர்டில் கை வைத்தபோது தங்கபுஷ்பம் தடுத்தார்.

"அண்ணே, இத்தனை நாளா படத்தையெல்லாம் தொலைச்சது யாரு?"

"அப்ளிகேஷன்தான்."

"அதுகிட்டயே போய் புது எடத்தைச் சொல்லப் போறீங்களா?"

எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்தோம் என்று நினைத்ததும் தவசிக்கனிக்கு வியர்த்தது, அதுவும் ஏசியில். போல்டர் இருக்கும் இடம் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக அப்ளிகேஷனுக்குத் தெரியவே கூடாது என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு படங்கள் பத்திரமாக இருந்தன. தளத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் வந்தன.

இரண்டாவது தடவை யமுனா மேடம் கொஞ்சம் மெதுவாகப் பேசினார். அப்ளிகேஷனுக்கு இடத்தைச் சொல்லத்தான் வேண்டும், அதுதான் அங்கே போய் படத்தை எடுத்து டீலர் போனுக்கு அனுப்பும் என்றார். சரியென்று பயந்துகொண்டே அப்ளிகேஷனுக்கு இடத்தைச் சொன்னார்கள். படமும் வந்தது. ஆனால் ஆமை வேகத்தில் வந்தது. டீலர் ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் எல்லாப் படமும் முதலிலிருந்து இறங்கியது.

ஒருமுறை அனுப்பின படத்தை டீலரின் போனே பத்திரமாக வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை அது 'படம் மாறியிருக்கிறதா' என்று கேட்கும், மாறவில்லை என்றால் 'மாறவில்லை' என்று மட்டும் பதில் சொல்லுங்கள், படத்தை மறுபடி அனுப்ப வேண்டாம் என்று யமுனா மேடம் மூன்றாவது தடவை வழி சொன்னார். நல்ல வழிதான். நாலு பேரும் போல்டரைத் திறந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார்கள். முருகன் மாறவில்லை. ஊட்டி ஏரி மாறவில்லை. தொட்டிலில் சிரிக்கிற குழந்தைகூட அப்படியேதான் இருந்தது. ஆக, யார் கேட்டாலும் 'மாறவில்லை' என்றே பதில் போகும்படி எழுதிவிட்டார்கள்.

சர்வர் பறந்தது. தவசிக்கனி தன் வாழ்க்கையில் அவ்வளவு வேகமான சர்வரைப் பார்த்ததில்லை. முதல் தடவையாகத் தளத்தைத் திறந்த திண்டிவனம் டீலருக்குக்கூட கண் இமைக்கும் நேரத்தில் 'மாறவில்லை' என்று பதில் போனது. அவர் போன் செய்து, எது மாறவில்லை என்று கேட்டார். படம்தான் என்றார் காளிராஜ். எந்தப் படம் என்றார் அவர். நீங்கள் இன்னும் பார்க்காத படம் என்றார் காளிராஜ். டீலர் வைத்துவிட்டார்.

நாலாவது தடவை யமுனா மேடத்தின் குரல் கொஞ்சம் நடுங்கியது. முதல் தடவை வருகிறவருக்குப் படத்தை அனுப்புகிற வரிகளை அவரே எழுதி அனுப்பினார். கூடவே கடைசியாக ஒரு யோசனையும் சொன்னார். காலண்டர் படமெல்லாம் பெரிய சைஸ், முழுப் படத்தையும் மெமரியில் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பினால் பத்து பேர் வந்தாலே சர்வர் படுத்துவிடும், அதனால் கொஞ்சம் எடுத்து அனுப்புங்கள், பிறகு அடுத்த கொஞ்சம், இப்படியே கடைசிவரை என்றார். இனிமேல் ஒரு வாரத்துக்குப் போன் செய்ய வேண்டாம், தலைவலி என்றும் சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமாக என்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எந்த முறையில் என்பதில் பெரிய விவாதம் நடந்தது.

"ஒரு டீலருக்கு முழுசா அனுப்பிட்டு அடுத்தவருக்குப் போவோம்," என்றார் மாரீஸ்வரன்.

"பந்தியில அப்படியா பரிமாறுவாங்க?" என்றார் தங்கபுஷ்பம். "ஒரு இலைக்கு மட்டும் பாயாசம் வரைக்கும் போயிட்டு, பக்கத்து இலைக்கு உப்புகூட வைக்கலைன்னா மனுசன் எந்திரிச்சிப் போயிருவான்."

தவசிக்கனிக்கு அது நூற்றுக்கு நூறு நியாயமாகப் பட்டது. டீலர்களில் ஒருத்தர் உசத்தி, ஒருத்தர் மட்டம் என்று இருக்கக்கூடாது. எனவே எல்லா டீலருக்கும் படத்தின் முதல் துண்டு போய்ச் சேர்ந்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது துண்டு போக வேண்டும் என்று ஜாவாவில் எழுதினார்கள். யாராவது வரவில்லையென்றால் வரும்வரை சர்வர் காத்திருக்கும். ஆள் வராமல் பந்தியில் அடுத்த பதார்த்தம் வைக்க முடியுமா?

டீலர்கள் மொத்தம் நாற்பது பேர். தேனிக்காரர் காலையில் போனைத் திறந்தார், வேதாரண்யத்துக்காரர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், கூடலூரில் சிக்னலே இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது தமிழ்நாடு முழுவதும் டீலர்களின் போனில் முருகனின் கிரீடம் மட்டும் தெரிந்தது. ஊட்டி ஏரிக்கு வானம் மட்டும் வந்திருந்தது. வானம் நன்றாக இருக்கிறது, கீழே என்ன என்று நிறைய பேர் கேட்டார்கள்.

அண்ணாச்சி பசை டின்களை ஏசி அறை வாசலில் கொண்டுவந்து அடுக்கச் சொல்லிவிட்டார். தவசிக்கனி அந்த டின்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல இருந்தது. யமுனா மேடத்துக்கும் போன் செய்ய முடியாது, வாரம் முடியவில்லை. அப்போதுதான் அவருக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. சர்வர் மேல் குற்றமே இல்லை. பந்திக்கு ஆள் சரியாக வந்து உட்காரவில்லை, அவ்வளவுதான்.

நாற்பது டீலர்களுக்கும் போன் போயிற்று. ஆடிப் பதினெட்டு காலையில் எல்லோரும் அவரவர் போனோடு சிவகாசிக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். டீலர்களும் வந்தார்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சிலருக்கு நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

தகரம் அடிக்கிற ஷெட்டைக் கழுவிவிட்டு, வரிசையாகப் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பூஜைக்காக அச்சடித்த காலண்டர்களைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். சிலர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மாரீஸ்வரன் போய், அது வெறும் அச்சு, படம் போனில் வரும், அங்கே பாருங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார். தங்கபுஷ்பம் வரிசை வரிசையாக நடந்து, யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று விசாரித்தார்.

லட்சுமி மேலிருந்து வந்தாள். கிரீடம் வந்தது, முகம் வந்தது, காசு கொட்டுகிற கை வந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு இடுப்போடு நின்றுவிட்டாள். பத்து நிமிஷம் ஆகியும் தாமரை வரவில்லை. அண்ணாச்சி தவசிக்கனியைப் பார்த்தார். தவசிக்கனி ஏசி அறை வாசலில் இருந்த பசை டின்களைப் பார்த்தார்.

"எந்த இலை காலியா இருக்கு பாரு," என்றார் குரல் கம்ம.

மூன்றாவது வரிசையில் வேதாரண்யத்துக்காரர் இல்லை. கை கழுவப் போயிருந்தார். காளிராஜ் ஓடிப்போய் ஈரக்கையோடு அவரை இழுத்துவந்து உட்கார வைத்து, போனைக் கையில் திணித்தார். மறுநொடியே நாற்பது போனிலும் தாமரை மலர்ந்தது. ஷெட்டே கைதட்டியது.

அப்புறம் தங்குதடையில்லை. மத்தியானத்துக்குள் எல்லா மாதிரியும் வந்து சேர்ந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. டீலர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஆர்டர் சொன்னார்கள், போன வருஷத்தைவிட அதிகமாகவே சொன்னார்கள். அண்ணாச்சி பசை டின்களை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, ஏசி அறை உங்களுக்குத்தான் என்று தவசிக்கனியின் தோளைத் தட்டினார். தவசிக்கனி முன்னால் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நாலு வார்த்தை பேசினார்.

"இந்த இணையதளம் மட்டும் இல்லேன்னா நீங்க எல்லாரும் காலண்டர் பார்க்க வேலையை விட்டுட்டு சிவகாசி வரைக்கும் அலையணும். இனிமே அந்த அலைச்சல் இல்லை. வீட்டுல இருந்தே பார்த்துக்கலாம்."

டீலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று சிலர் ஆச்சரியப்பட்டார்கள். பேராவூரணி டீலர் மட்டும் பாயிலிருந்து மெல்லக் கையைத் தூக்கினார்.

"ரொம்ப சௌகரியம் தம்பி. ஆனா இன்னிக்கு பஸ் லேட்டாகி, கடைசி வரிசையிலதான் எடம் கிடைச்சுது. அடுத்த வருசம் வீட்டுல இருந்தே பார்க்கிறதுக்கு நான் முந்தின நாளே கெளம்பி வந்துரட்டுமா?"